குற்றாலக் குறத்தியும் பெத்லகேம் குறத்தியும்: சபையில் பெண்ணின் சொல்லைப் பற்றிய ஓர் ஆய்வு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம் என்னும் சிற்றூர் தமிழ் இலக்கியத்துக்கு ஒரு குறத்தியைத் தந்தது. அவ்வூரினரான திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, குறவஞ்சி நூல்களுள் தலையாயது எனப் போற்றப்படுகிறது. நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அதன் பொருட்டு அவருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது. அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில், அதே நெல்லைச் சீமையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் இவ்விலக்கிய வகையைக் கிறிஸ்தவப் பொருளுக்கு உரியதாக்கி, 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார்.

இவ்விரு நூல்களையும் ஒப்பிட்டவர் பெரும்பாலும் யாப்பையும், இசையையும், மலைவளம் நாட்டுவளம் கூறும் திறத்தையுமே ஆராய்ந்துள்ளனர். இக்கட்டுரை வேறொரு வினாவோடு அவற்றை அணுகுகிறது. போதகர் பணியும் சபைத் தலைமையும் ஆண்களுக்கே உரியன எனக் கொள்ளும் சபைகளில், பெண்கள் விசுவாசத்தில் வளர்வதும் ஊழியம் செய்வதும் எவ்வாறு? அச்சபைகள் அப்பெண்களின் சொல்லுக்குத் தரும் இடம் யாது? ஆணும் பெண்ணும் மதிப்பிற் சமமானவர், பொறுப்பில் வேறுபட்டவர், ஒருவரை ஒருவர் நிறைவாக்குபவர் என்பது இச்சபைகளின் கொள்கை. 1987இல் அமெரிக்க நாட்டில் வரையப்பட்ட டான்வர்ஸ் அறிக்கை இதற்குத் திட்டவட்டமான வடிவம் தந்தது. எனினும் அந்த அறிக்கைக்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டுச் சபைகளிற் பல இவ்வொழுங்கிலேயே நடந்துவந்தன, இன்றும் நடக்கின்றன. அவ்வொழுங்கின் உட்பொருளை ஆராய, மேலைநாட்டு நூல்களைவிட நம் இலக்கியமே நல்ல துணையாகும் என்பது இங்கு எடுத்துரைக்கப்படும் கருத்து.

1. குற்றாலத்துக் குறத்தி

குற்றாலக் குறவஞ்சியின் கதை எளியது. திரிகூடநாதர் வீதியுலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். நிலவையும் தென்றலையும் பழித்து வருந்துகிறாள். தோழியைத் தூது விடுகிறாள். அந்நிலையில் குறத்தி வருகிறாள். தன் மலையின் வளத்தையும், நாட்டின் வளத்தையும், தன் குலத்தின் இயல்பையும் எடுத்துரைக்கிறாள். வசந்தவல்லியின் கையைப் பார்த்து, அவள் உள்ளத்தில் இருப்பவர் யார் என்பதையும், அவரை அவள் அடைவாள் என்பதையும் கூறிப் பரிசில் பெறுகிறாள். பின்னர் அவள் கணவன் சிங்கன், நூவன் என்னும் துணைவனோடு பறவை பிடிக்க வருகிறான். சிங்கியைக் காணாது வருந்துகிறான், தேடி அலைகிறான், இறுதியிற் குற்றாலத்தில் அவளைக் காண்கிறான். அவள் அணிந்திருக்கும் நகைகள் ஒவ்வொன்றையும் சுட்டி வினவுகிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லுகிறாள். இருவரும் மகிழ்ந்து ஒன்றுபடுகின்றனர்.

இக்கதையில் மூன்று செய்திகள் நம் கருத்துக்குரியன. முதலாவது, குறத்தியின் சொல்லுக்கு உள்ள அதிகாரம் அரசனிடமிருந்தோ கணவனிடமிருந்தோ வந்ததன்று. அவள் தன் மலையிலிருந்து அதைக் கொண்டுவருகிறாள். தலைவியின் தோழியரும் அறிந்து தீர்க்க இயலாத நோயை, வெளியிலிருந்து வந்த ஏழைப் பெண் பெயர் சொல்லித் தீர்க்கிறாள். இரண்டாவது, கதையமைப்பில் குறத்தியின் சொல் முன்னும், சிங்கனின் வேட்டை பின்னும் வருகின்றன. தலைவியின் ஐயம் தீர்ந்த பின்னரே சிங்கன் அரங்கில் நுழைகிறான். மூன்றாவது, சிங்கியின்றிச் சிங்கனின் வேட்டை சிறக்கவில்லை. வலையும் கண்ணியும் அவன் கையில் இருக்கின்றன. மனமோ அவளைத் தேடுகிறது.

ஆண் செய்யும் தொழிலைப் பெண் செய்வதில்லை. பெண் செய்யும் தொழிலை ஆண் செய்வதில்லை. இவ்வகையில் இது பணிவேறுபாட்டை ஒப்புக்கொள்ளும் உலகம். ஆயினும் வேறுபாடு அங்கே தாழ்வாக மாறவில்லை. சிங்கி தன் தொழிலுக்குத் தானே கூலி கேட்டு வாங்குகிறாள். யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல் ஊர் ஊராக நடக்கிறாள்.

2. பெத்லகேம் குறவஞ்சி செய்த மாற்றம்

தஞ்சையில் குறவஞ்சி செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. சரபோசி மன்னரைத் தலைவராக்கிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி அங்கே பெரிய கோவிலில் நடிக்கப்பெற்றது. சரபோசியோடு சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவரான சாஸ்திரியார், அரசனையோ உலாவரும் தெய்வத்தையோ பாடாமல், பெத்லகேம் நாதராகிய கிறிஸ்துவைத் தலைவராக்கினார். தலைவி தேவமோகினி என்பவள் சீயோன் மகளாகிய திருச்சபை. குறத்தியாகிய ஞானச்சிங்கி விசுவாசம். சிங்கன் குருமார், நூவன் உபதேசியார், வேட்டையாடப்படும் பறவைகள் சுவிசேஷ வலையில் அகப்படும் ஆத்துமாக்கள்.

இவ்வுருவகத்தின் துணிவை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். குறி கேட்பதை உபாகமம் பதினெட்டாம் அதிகாரம் அருவருப்பெனத் தள்ளுகிறது. அவ்வாறு தள்ளப்பட்ட தொழிலைச் செய்பவளையே சாஸ்திரியார் விசுவாசத்தின் உருவமாக்கினார். காணாத ஒன்றைக் குறித்த உறுதியே விசுவாசம் என்னும் எபிரெயர் நிருபத்தின் போதனையை மனத்திற் கொண்டால், அவர் செய்தது விளங்கும். வரப்போவதைச் சொல்லுபவள் குறத்தி. வாக்களிக்கப்பட்டதைப் பற்றிக்கொண்டு சொல்லுவது விசுவாசம். மூடநம்பிக்கையின் உருவத்தை எடுத்து, அதன் உள்ளீட்டை மாற்றி, நம்பிக்கையின் உருவமாக்கியது சிறந்த இறையியற் செயலாகும்.

இனி, இவ்வுருவகத்தின் ஒழுங்கை நோக்குவோம். குருத்துவம் சிங்கனிடம் இருக்கிறது. உபதேசியார் பணி நூவனிடம் இருக்கிறது. இருவரும் ஆண்கள். சாஸ்திரியார் காலத்துச் சபையில் பெண் குருவானவர் என்னும் பேச்சே எழவில்லை, அவரும் எழுப்பவில்லை. ஆயினும் திருச்சபையாகிய தலைவி தன் நாதரைக் குறித்து ஏங்கி நிற்கையில், அவளுக்கு உறுதி கூறுவது குருவானவர் அன்று, சிங்கியே. குறவஞ்சியின் மரபொழுங்கைக் கவிஞர் மாற்றாமல் வைத்துக்கொண்டதால், சபைக்கு முதற்சொல் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. குருவானவரின் வேட்டை அதற்குப் பின்னரே நிகழ்கிறது. விசுவாசத்தை இழந்த குருத்துவம் வலையேந்தி வயலில் நிற்கும் வெறுங்கையனே என்னும் பொருளும் மரபிலிருந்து தானே கிடைத்துவிடுகிறது.

நியாயாதிபதிகள் நான்காம் அதிகாரத்தில் பாராக்கு, தெபொராள் உடன்வராவிடில் போருக்குப் போகேன் என்கிறான். அவன் கையில் படை இருக்கிறது; அவளிடம் கர்த்தரின் சொல் இருக்கிறது. சிங்கியைத் தேடும் சிங்கனுக்கு வேதத்தில் இதனினும் பொருத்தமான இணை காண்டல் அரிது.

3. ஒரு தடையும் அதற்கு விடையும்

உருவகத்திலிருந்து நடைமுறைக்குத் தாவுதல் தகாது என ஒருவர் தடை எழுப்பலாம். ஆன்மாவைப் பெண்ணாகவும் இறைவனை ஆணாகவும் பாடுவது நம் பக்தி இலக்கியத்தின் பழைய வழக்கு. ஆழ்வாரும் நாயன்மாரும் தம்மை நாயகியாக வைத்துப் பாடினர். அதனால் அக்காலத்துப் பெண்களுக்குக் கோவிலில் எவ்வுரிமையும் கூடிவிடவில்லை. திருச்சபையை மணவாட்டி என்று அழைப்பதாலும் பெண்களின் நிலை உயர்ந்துவிடாது. ஆகவே விசுவாசத்தைக் குறத்தியாகப் பாடியதற்கும் பெண்களின் ஊழியத்துக்கும் தொடர்பு என்ன என்பது அத்தடை.

தடை வலுவுடையதே. ஆயினும் அது தேவமோகினிக்குப் பொருந்துமேயன்றி ஞானச்சிங்கிக்குப் பொருந்தாது. நாயகி ஏங்குபவள், காத்திருப்பவள், பெறுபவள். கடவுள்முன் மாந்தர் யாவரும் அந்நிலையினரே. ஆதலின் ஆண் கவிஞனும் அவ்வேடத்தை எளிதில் ஏற்கிறான். குறத்தியோ ஏங்குபவள் அல்லள். அவள் செய்தி கொண்டுவருபவள், வழிநடப்பவள், பிறர் கையைத் தன் கையிற் பற்றி உண்மையைச் சொல்லுபவள். நாயகிநிலை எல்லாருக்கும் பொதுவான பக்திநிலை. குறத்தியின் நிலை ஓர் ஊழியம். சாஸ்திரியார் இவ்விரண்டையும் ஒரே நூலில் அருகருகே வைத்திருக்கிறார். சபைகள் பெண்களைத் தேவமோகினியராகவே கண்டு, ஞானச்சிங்கியராகக் காணத் தவறியது நூலின் குற்றமாகாது.

4. உருவகத்துக்கு முன் நின்ற வரலாறு

சாஸ்திரியார் 1774இல் நெல்லைச் சீமையிற் பிறந்தவர். அவருடைய இளமையில் பாளையங்கோட்டையில் உருவாகிக்கொண்டிருந்த சபை ஒரு பெண்ணின் முயற்சியால் எழுந்தது. தஞ்சைப் பிராமண குலத்து விதவையான கிளாரிந்தா அம்மையார் ஞானஸ்நானம் கேட்டபோது, அவர் ஆங்கிலப் படையதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்ததால் சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். அவ்வதிகாரி இறந்த பின், 1778இல் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேரின் பெயர்கள் உள்ளன. அவற்றுள் முதற்பெயர் அவருடையது. உபதேசியாரை அனுப்பும்படி சுவார்ட்ஸ் ஐயரை வேண்டியவரும் அவரே. அவர் கட்டுவித்த சிற்றாலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஏறக்குறைய அக்காலத்திலேயே சிறுவன் வேதநாயகம் சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குச் சென்றான்.

பெத்லகேம் குறவஞ்சியின் சிங்கி கிளாரிந்தா அம்மையாரின் சாயல் என்று கூற நமக்குச் சான்றில்லை. அவ்வாறு கூறவும் தேவையில்லை. ஒன்று மட்டும் தெளிவு. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் சிங்கியின் சொல் முன்னும், சிங்கனின் வருகை பின்னும் நிகழ்ந்தன. நூவனை அழைத்துவந்தவளும் சிங்கியே. உருவகம் கூறும் வரிசையும் வரலாறு கூறும் வரிசையும் ஒன்றாகவே இருக்கின்றன.

இவ்விடத்தில் கவிஞரின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 1820களில் இளைய மிஷனெரிமார் சபையிற் சாதிவேறுபாட்டை ஒழிக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் சாதி ஆசாரங்களுக்காக வாதாடியவர். மலைக்குறத்தியை விசுவாசத்தின் உருவமாக்கிப் பாடிய அதே கவிஞர், சாதியால் தாழ்த்தப்பட்ட சகோதரர் தம்மோடு ஒருங்கே அமர்வதற்கு உடன்படவில்லை. பாட்டிற் குறத்திக்கு அரியணை கிடைத்தது. ஆலயத்தில் அவள் குலத்தாருக்குப் பாயில் இடம் கிடைப்பது அரிதாயிற்று.

இம்முரண் சாஸ்திரியாரை இகழ்வதற்காகக் கூறப்படவில்லை. உருவகத்தில் தரும் மதிப்புக்கு யாரும் விலை கொடுக்க வேண்டியதில்லை என்னும் உண்மையை அது காட்டுகிறது. சாதியைக் குறித்து மெய்யான இது, பெண்ணைக் குறித்தும் மெய்யாகும். அன்னையர் ஞாயிறன்று லோவிசாளையும் ஐனிக்கேயாளையும் புகழ்ந்து பிரசங்கித்துவிட்டு, மறுவாரச் சபைக்குழுக் கூட்டத்தில் பெண்களின் கருத்தைக் கேளாமலே தீர்மானம் நிறைவேற்றும் சபைகள் எத்தனை!

5. நடமாடிய சிங்கியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஞானச்சிங்கி ஏட்டிலிருந்து இறங்கி நெல்லைச் சீமைத் தெருக்களில் நடந்தாள் எனலாம். வேதாகமப் பெண்கள் எனப்பட்ட ஊழியரையே குறிக்கிறோம். உயர்குலத்து வீடுகளின் உட்கட்டுக்குள் ஆண் மிஷனெரியோ குருவானவரோ நுழைய இயலாது. அங்கே வேதத்தைக் கொண்டுசென்றவர், எழுதப் படிக்கக் கற்பித்தவர், நோயுற்றவரிடத்தில் செபித்தவர் இப்பெண்களே. அவர்களிற் பலர் விதவையர். சபையின் ஒழுங்கு அவர்களுக்குப் பிரசங்கபீடத்தைத் தரவில்லை. ஆனால் அச்சபையின் வளர்ச்சி அவர்களுடைய கால்களையும் நாவையும் நம்பியிருந்தது.

அவர்களுள் நாம் ஓரளவு அறியக்கூடியவர் பொன்னம்மாள். பண்ணைவிளையில் மாமனார் வீட்டில் ஒடுங்கி வாழ்ந்த இளம் விதவை அவர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1890களின் பிற்பகுதியில் திரட்டிய பெண் ஊழியர் குழுவிற் சேர்ந்து, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். தம் நகைகளைக் கழற்றினார். பின்னர் டோனாவூரில் குழந்தைகளைக் காக்கும் பணி தொடங்கியபோது, நெய்யூரில் மருத்துவமனைக்கு அருகே அமைந்த குழந்தையர் இல்லத்தின் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. தலைவர் அருகில் இல்லாத இடத்தில், பச்சிளங் குழந்தைகளின் உயிர் தம் கையில் இருக்க, அவர் அவ்வில்லத்தை நடத்தினார். 1915இல் காலமானார். 1918இல் கார்மைக்கேல் அம்மையார் அவருடைய வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

அந்நூலைப் பக்திநூலாகப் படித்தவர் பலர். நாம் அதை வேறு வகையிலும் படித்தல் வேண்டும். பொன்னம்மாள் எவ்வாறு வளர்ந்தார் என்பதற்கு அது தரும் விடை கவனிக்கத்தக்கது. அவர் முதலில் முற்றும் வளர்ந்து, பின்னர்ப் பொறுப்புப் பெற்றவர் அல்லர். பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைச் சுமக்கையில் அவர் வளர்ந்தார். பெண்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை எனக் கூறிப் பொறுப்பைத் தள்ளிவைக்கும் சபைகளுக்கு இது தகுந்த மறுமொழியாகும். நீந்தத் தெரிந்த பின்னரே நீரில் இறங்கலாம் என்பவர் எவரையும் நீந்தக் கற்பிப்பதில்லை.

மற்றொன்றும் அந்நூலில் விளங்குகிறது. அது ஆங்கிலத்தில், கடல்கடந்த வாசகருக்காக, பிறரொருவர் கையால் எழுதப்பட்டது. தமிழ்ப் பெண்ணின் விசுவாச வரலாற்றைத் தமிழர் ஆங்கில நூலின் வழியே அறிய வேண்டியதாயிற்று. பெயரளவிற்கூட நமக்கு எட்டாத வேதாகமப் பெண்கள் எத்தனையோ பேர். சிங்கன் சிங்கியின் நகைகளை ஒவ்வொன்றாக வினவியதுபோல், அவர்களுடைய கனிகளை ஒவ்வொன்றாக வினவி எழுதிவைத்தவர் அவர்கள் காலத்தில் மிகச் சிலரே.

6. பங்கீட்டின் தீங்கு

இங்கே பெத்லகேம் குறவஞ்சியின் மீது நாம் வைக்கவேண்டிய முக்கியமான குறைகூறலுக்கு வருகிறோம். அந்நூல் விசுவாசத்தைப் பெண்ணாகவும் பதவியை ஆணாகவும் வகுத்தது. பாட்டில் இது அழகிய அமைப்பு. சிங்கனும் சிங்கியும் கணவன் மனைவியராய் ஒன்றுபடுவதால், பதவியும் விசுவாசமும் பிரியலாகாது என்னும் பொருளும் அதில் அடங்குகிறது. ஆனால் சபையின் வாழ்வில் இப்பங்கீடு வேறு விதமாய் வேலை செய்திருக்கிறது. பக்தி பெண்களின் இயல்பு, நிர்வாகம் ஆண்களின் இயல்பு என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது.

அதன் விளைவை எந்தச் சேகரத்திலும் காணலாம். வாரநாட் செபக்கூட்டத்தில் பாய் நிறையப் பெண்கள். சபைக்குழுக் கூட்டத்தில் நாற்காலி நிறைய ஆண்கள். பிடியரிசி எடுத்து வைப்பவர் பெண்கள். அதன் வரவுசெலவைத் தீர்மானிப்பவர் ஆண்கள். தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றியும் வயல்வேலை செய்தும் பெறும் கூலியிலிருந்து காணிக்கை படைக்கும் தாய்மார் எத்தனையோ பேர். அவர்களிடம் விசுவாசம் மிகுதி என்று நாம் பெருமையோடு கூறுகிறோம். அவர்கள் வேதத்தை ஒழுங்காகக் கற்க என்ன ஏற்பாடு செய்தோம் என்று கேட்டால் மௌனமாகிறோம்.

இப்பங்கீடு இரு பாலாரையும் குறைவாக்குகிறது. விசுவாசம் பெண்ணுக்குரியது எனில், ஆண் தன் விசுவாசக் குறைவை இயல்பென்று சாக்குச் சொல்லித் தப்பிக்கிறான். உபதேசம் ஆணுக்குரியது எனில், பெண்ணின் விசுவாசம் உணர்ச்சியளவில் நின்று, உபதேசத்தில் வேரூன்றாது போகிறது. வேரூன்றாத விசுவாசம் துன்பக்காலத்தில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும். அற்புதம் விற்பவர்களின் கூட்டங்களுக்கு நம் பெண்கள் திரளாகச் செல்கின்றனர் எனக் குறைகூறும் போதகர், அவர்களுக்கு உரோமர் நிருபத்தை என்றேனும் முழுமையாகக் கற்பித்ததுண்டா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

வேதத்தில் இப்பங்கீடு இல்லை. ஒன்று தீமோத்தேயு இரண்டாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தை எடுத்துக்காட்டுவோர், அதற்கு முந்தின வசனத்தில் பெண் கற்றுக்கொள்ளவேண்டும் எனக் கட்டளையிடப்படுவதை விட்டுவிடுகின்றனர். அக்காலத்துச் சூழலில் அக்கட்டளையே புதுமையானது. ஒன்று கொரிந்தியர் பதினோராம் அதிகாரம் ஐந்தாம் வசனம், சபையில் பெண் செபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் நடப்பதாகவே கொண்டு, எவ்வாறு செய்யவேண்டும் என்பதையே பேசுகிறது. முக்காடு பற்றிய பகுதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் சபைகள், அம்முக்காட்டின் கீழிருந்து வரவேண்டிய செபத்தையும் தீர்க்கதரிசனத்தையும் தடுப்பது பொருந்துமா? அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கியவர்களுள் பிரிஸ்கில்லாள் ஒருத்தி. அப்பொல்லோவோ வேதாகமங்களில் வல்லவன். பெபேயாள் கெங்கிரேயாச் சபையின் ஊழியக்காரி எனப் பெயர்சொல்லிப் பரிந்துரைக்கப்படுகிறாள். உயிர்த்தெழுதலின் முதற்செய்தி பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைப் பிதற்றலென எண்ணி நம்பாதவர் அப்போஸ்தலர் என்று லூக்கா ஒளியாமல் எழுதியிருக்கிறார்.

7. ஒழுங்கை ஏற்கும் சபைகளுக்கு நான்கு வினாக்கள்

தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்ணொருவரைக் குருவானவராக அபிஷேகம் செய்தது. 2013இல் எக்கோணி புஷ்பலலிதா அம்மையாரைப் பேராயராக்கியது. சகோதரர் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளிற் பலவும் மேய்ப்பர் பணியை ஆண்களுக்கே உரியதாக்குகின்றன. 2019இல் தனி மாவட்டமான தென்காசிப் பகுதியிலும் இவ்விரு வகையினரும் அருகருகே வாழ்கின்றனர். பெண்களின் குருத்துவம் வேதத்துக்கு இசைந்ததா என்னும் வழக்கை இக்கட்டுரை தீர்க்க முற்படவில்லை. அதைத் தீர்த்துவிட்டோம் எனக் கருதும் சபைகளிலும் பெண்கள் பிரசங்கபீடத்திற் பெயருக்கு நின்று, நிர்வாகத்திற் சொல்லின்றி இருத்தல் கூடும். ஆண்களுக்கே குருத்துவம் எனக் கொள்ளும் சபைகளிடம், அவர்களுடைய கொள்கையையே அளவுகோலாக வைத்து நான்கு வினாக்களை எழுப்புகிறோம்.

முதல் வினா: சிங்கன் சிங்கியைத் தேடுகிறானா? ஒருவரை ஒருவர் நிறைவாக்குபவர் என்பது உண்மையானால், பெண்களின் சொல் இல்லாத சபை குறைவுள்ள சபை என்பதும் உண்மை. அக்குறைவை மேய்ப்பர் உணர்கிறாரா? மூப்பர்கள் தீர்மானிக்குமுன் முதிர்ந்த பெண்களின் ஆலோசனையை நாடுகின்றனரா? நாடாவிடில், அங்கே நிறைவாக்குதல் என்னும் சொல் இருக்கிறது, பொருள் இல்லை.

இரண்டாம் வினா: சிங்கிக்குக் கூலி கிடைக்கிறதா? குறத்தி தன் சொல்லுக்குப் பரிசில் பெற்றாள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்னும் விதி ஊழியக்காரிக்கும் உரியது. பெண் ஊழியருக்கு ஆண் ஊழியரைவிடக் குறைந்த ஊதியமும், முதுமையில் ஆதரவின்மையும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. போதகரின் மனைவியோ பெண்கள் சங்கத்தையும் ஞாயிறு பள்ளியையும் நடத்தி, வருவோர்க்கெல்லாம் உணவிட்டு, யாதொரு பொறுப்புப் பெயரும் இன்றி, கணவரின் மாறுதலோடு தானும் மாறிச் செல்கிறாள். அவளுடைய ஊழியம் உண்மையில் ஊழியமெனில், சபை அதற்குப் பெயரும் மதிப்பும் தரவேண்டும்.

மூன்றாம் வினா: சிங்கியின் கனியைப் பற்றிய விசாரணை மகிழ்ச்சியில் முடிகிறதா? சிங்கன் நகைகளைக் குறித்து ஐயத்தோடு வினவுகிறான். விடை கேட்டு அமைகிறான். நம் சபைகளில் ஒரு பெண்ணின் வேதபாட வகுப்புக்கு ஆட்கள் கூடினால் வினாக்கள் எழுகின்றன: யார் அனுமதித்தார்? ஆண்கள் யாரேனும் அமர்ந்து கேட்டனரா? வினவுதல் தவறன்று, எந்த ஊழியமும் சபையின் கண்காணிப்புக்கு உட்பட்டதே. ஆனால் அவளுடைய விடையைச் செவிமடுக்காத விசாரணை, தேர்வன்று, தீர்ப்பே.

நான்காம் வினா எல்லாவற்றினும் கடுமையானது: கீழ்ப்படிதல் என்னும் சொல் யாரைக் காக்கிறது? வீட்டில் அடிபடும் பெண் போதகரிடம் வந்து அழுகிறாள். பொறுத்துப் போ, கீழ்ப்படிந்து அவனை ஆதாயப்படுத்திக்கொள் என்று அறிவுரை கூறி அனுப்பும் போதகர், பேதுருவின் நிருபத்தைக் கொடியவனின் கையில் தடியாகக் கொடுக்கிறார். எபேசியர் ஐந்தாம் அதிகாரம் கணவனுக்குத் தரும் அளவுகோல் கிறிஸ்துவின் சிலுவை. சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தவரைத் தலைமைக்கு இலக்கணமாக ஏற்கும் சபை, கைநீட்டுபவனை முதலில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்த வேண்டும். அவளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடத்திற் சேர்க்க வேண்டும். சட்டத்தின் துணையை நாடுவது பாவமன்றென அவளுக்குச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாத சபைக்கு ஆணின் தலைமையைப் பற்றிப் போதிக்கத் தகுதியில்லை.

8. முடிவுரை

குறவஞ்சி தமிழுக்குத் தந்த குறத்தி, தன் மலையிலிருந்து இறங்கிவந்து உண்மை பேசினாள். சாஸ்திரியார் அவளை விசுவாசமாக்கிச் சபையின் நடுவில் நிறுத்தினார். நிறுத்திய அளவில் அவர் பணி முடிந்தது. அவளைப் பாட்டிற்குள் அடைத்துவைத்தல், அல்லது சபையில் அவளுக்குச் செவிகொடுத்தல் என்னும் தெரிவு நம்முடையது.

இறையியல் மாணவர்க்குக் குறிப்பாக ஒன்று சொல்லலாம். நீங்கள் செல்லும் முதற் சேகரத்தில் உங்களுக்கு முன்பே பல்லாண்டு வேதம் வாசித்தும் செபித்தும் வந்த முதிய தாய்மார் இருப்பர். பட்டச் சான்றிதழ் உங்களிடம் இருக்கும். சபையின் துயரங்களும் வாக்குத்தத்தங்களும் அவர்களுடைய நினைவில் இருக்கும். அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது உங்கள் கடமை. அதற்கு முன் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாண்டிலேயே அவர்களுக்கென ஒழுங்கான வேதபாட வகுப்பைத் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் அவ்வகுப்பை நடத்தும் பொறுப்பை அவர்களுள் ஒருவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் சபையின் ஒழுங்கு எதுவாயினும் அதற்கு இது முரணாகாது. வலையைத் தோளிற் போட்டுக்கொண்டு புறப்படும் சிங்கன், சிங்கி எங்கே என்று முதலிற் கேட்கட்டும்.